சான் பிரான்சிஸ்கோவில் கடையை வாடகைக்கு எடுக்குமுன் மண்டல விதியைப் படிப்பது எப்படி?

சான் பிரான்சிஸ்கோவில் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடும் சின்னக் கடைத்தெருக்களுக்கென்றே 1987-இல் தனி மண்டல விதிகள், அதாவது எந்த இடத்தில் என்ன தொழில் நடத்தலாம் என்று சொல்லும் விதிகள், வந்தன. அங்கே ஒரு டிபன் கடை வைக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை பேசி முன்பணம் கொடுத்த பிறகு விதியைத் தேடாதீர்கள். முதலில் விதி, பிறகு வாடகை.

படி 1: முகவரியைத் தேடுங்கள்

நகரத் திட்டமிடல் துறையின் இணைய வரைபடத்தில் கடையின் முகவரியை இட்டால் மண்டலத்தின் பெயர் வரும். ‘என்.சி’ என்பது அக்கம்பக்க வணிகப் பகுதி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். என்.சி-1 என்றால் தெருமுனையில் நாலைந்து கடைகள் சேர்ந்த இடம். என்.சி-2 சிறிய கடைத்தெரு, என்.சி-3 அதைவிடப் பெரியது. காஸ்ட்ரோ, நார்த் பீச் போன்ற பகுதிகளின் கடைத்தெருக்களுக்குத் தனிப் பெயரும் தனி விதியும் உண்டு. பக்கத்துத் தெருவில் செல்லுபடியாவது இங்கே செல்லும் என்று நம்பிவிடாதீர்கள்.

படி 2: அட்டவணையைப் படியுங்கள்

ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. உங்கள் தொழிலுக்கு நேரே ‘பி’ என்றிருந்தால் அனுமதி உண்டு. ‘என்பி’ என்றிருந்தால் இல்லை. ‘சி’ என்றால் நிபந்தனை அனுமதி, அதாவது திட்டமிடல் ஆணையத்தின் முன் விசாரணை. தரைத்தளத்தில் ‘பி’ ஆக இருப்பது மாடியில் ‘என்பி’ ஆகலாம் என்பதால் தளத்துக்கான கட்டத்தையும் பாருங்கள். கடையின் பரப்பு, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. இவற்றை நகரசபை அடிக்கடி திருத்துவதால் பழைய அச்சுப்பிரதியை நம்பக் கூடாது.

“முன்பும் இங்கே ஹோட்டல்தான் இருந்தது” என்று கட்டட உரிமையாளர் சொல்வார். அது எப்போது மூடப்பட்டது என்று கேளுங்கள். நிபந்தனை அனுமதியில் நடந்த தொழில் தொடர்ந்து 3 ஆண்டுகள் நின்றுபோனால் அந்த அனுமதி காலாவதியாகிவிடும்.

படி 3: கிளைகளை எண்ணுங்கள்

இந்த நகரத்தின் தனித்தன்மையே இதில்தான். ஒரே பெயர்ப்பலகை, ஒரே அலங்காரம், ஒரே சீருடை என்று ஒரே வார்ப்பில் வேறு 11 கிளைகள் ஏற்கெனவே இருந்தால், புதிய கடை ‘சங்கிலிக் கடை’ என்ற கணக்கில் சேரும். 2006-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதிப்படி, இந்தக் கடைத்தெருக்களில் அதற்கு நிபந்தனை அனுமதி தேவை. நார்த் பீச்சிலும் ஹேய்ஸ் தெருப் பகுதியிலும் அடியோடு தடை. 2014 முதல் உலகின் எந்த மூலையில் இருக்கும் கிளையும் கணக்கில் வருகிறது. சென்னையில் பெயர்பெற்ற உணவகத்தின் கிளையுரிமை வாங்கிக்கொண்டு இங்கே வர நினைப்பவர்கள் அண்ணா நகர்க் கிளையையும் எண்ண வேண்டும்! உள்ளூர் வியாபாரி மூச்சுவிட இடம் தரும் விதி என்பதால் எனக்கு இது பிடித்தமானது. ஆனால் காலியாகக் கிடக்கும் கடைகளைப் பார்ப்பவர்கள் இதைக் குறை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

படி 4: முகப்பைத் திட்டமிடுங்கள்

தெருவைப் பார்த்த தரைத்தள முகப்பில் 60 சதவீதமாவது உள்ளே பார்வை போகும் கண்ணாடியாகவோ கதவாகவோ இருக்க வேண்டும். கண்ணாடி போட்டுவிட்டு அதன்மேல் முழுநீளச் சுவரொட்டி ஒட்டினாலும், அலமாரியின் முதுகை அதன்மேல் சாத்தினாலும் விதிமீறல்தான். அலமாரிகளைப் பக்கச் சுவரோரம் வைக்கும்படி தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 5: ‘சி’ வந்தால்

விண்ணப்பித்த பிறகு, விசாரணைக்கு 20 நாள் முன்னதாகக் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டப்படும். ஏழு பேர் கொண்ட ஆணையம் முக்கியமாகப் பார்ப்பது, உங்கள் தொழில் அக்கம்பக்கத்துக்குத் தேவையா, பொருந்துமா என்பதைத்தான். எனவே அறிவிப்பு ஒட்டுமுன்பே மாடியில் குடியிருப்பவர்களிடமும் தெருவின் வணிகர் சங்கத்திடமும் பேசிவிடுங்கள். புகைபோக்கி எந்தப் பக்கம் போகும், குப்பைத் தொட்டி எங்கே நிற்கும் என்ற இரண்டுக்கும் பதில் கையில் இருக்கட்டும்.

சுகாதார உரிமம், கட்டட அனுமதி, மது உரிமம் எல்லாம் தனித்தனி வேலைகள். மண்டலம் ஒத்துவந்த பிறகு அவற்றைத் தொடங்கலாம்.