பீங்கான் தட்டின் வயதைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்

பழைய ஆங்கிலேயப் பீங்கான் தட்டோ கோப்பையோ கிடைத்தால், தயாரிப்பாளர் பெயரைத் தேடும் முன் கவிழ்த்து, அடியில் 'இங்கிலாந்து' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் பொதுவாக 20ஆம் நூற்றாண்டு.

காரணம், அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கவரிச் சட்டம். 1891 மார்ச் முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. பெரிய சந்தையை இழக்க மனமில்லாத ஆலைகள் முத்திரையிலேயே அதைச் சேர்த்துவிட்டன.

சாய்சதுர முத்திரை (வடிவமைப்பை பிரிட்டனில் பதிவு செய்ததற்கான அடையாளம்) இருந்தால் இன்னும் நல்லது: அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையில், அப்புறம் வலது மூலையில். ஆனால் அது பதிவான தேதிதான். உங்கள் தட்டு சில ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம்.

நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் 1891க்கு முந்தையது என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உள்நாட்டில் விற்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முத்திரையில் அச்சிட்ட ஆண்டும் பல நேரம் ஆலை தொடங்கிய ஆண்டுதான். நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான்.