அமோக்சிசிலின் பவுடரை மைதா மாவு போலக் கையாளாதீர்கள்

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் மருந்து கம்பெனிகளிலும் அவற்றின் ஸ்டோர்களிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். டிரம்மைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக, மைதா போல ஒரு மாவு. பெரிய நெடி கிடையாது, கையில் பட்டால் எரிவதும் இல்லை. ஆசிட் கேன் என்றால் பத்தடி தள்ளி நிற்கிற அதே ஆள் இந்த மாவைக் கண்டால் கையுறையைக்கூட மணிக்கட்டு வரை இழுத்து விடுவதில்லை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த மைதா நினைப்பில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

அமோக்சிசிலின் பெனிசிலின் குடும்பத்து மருந்து. அதன் மூலக்கூறில் நாலே அணுக்கள் சேர்ந்த ஒரு சின்ன வளையம் இருக்கிறது, பீட்டா லாக்டம் என்பார்கள். வலுக்கட்டாயமாக வளைத்துக் கட்டிய பிரம்பு மாதிரி அது எப்போது அவிழலாம் என்றே காத்திருக்கும். கிருமியின் சுவரைக் கட்டும் நொதியில் போய் ஒட்டினால் கிருமி சாகும், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். தண்ணீரோடு சேர்ந்து முன்னாலேயே அவிழ்ந்துவிட்டால் மருந்து வீண். நம் உடம்பின் புரதத்தில் ஒட்டிக்கொண்டால் சிலருக்கு அலர்ஜி. கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு வளையத்தைச் சுற்றித்தான்.

ஈரத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் இதுதான் முதல் எதிரி. ஏர்கான் ஸ்டோரில் 20 டிகிரியில் இருந்த டிரம்மை வெளியே கொண்டுவந்து, லாரி காத்திருக்கிறது, சாம்பிள் எடுக்க வேண்டும் என்று உடனே மூடியைத் திறப்பது. கோப்பிக் கடையில் தே பெங் (ஐஸ் போட்ட டீ) வாங்கி மேசையில் வைத்த ஒரு நிமிடத்தில் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வியர்க்கிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. வெளியே 31 டிகிரி வெயிலும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், சுமார் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றில் உள்ள நீர் படிந்துவிடும். டிரம்மின் வெளிப்பக்கம் வியர்த்தால் துடைத்துவிடலாம், பையைத் திறந்துவிட்டால் மாவின் மேலேயே அல்லவா படிகிறது! மூடியைத் தொடாமல், டிரம் அறையின் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்து ‘சூடாகிவிட்டது’ என்று நம்பாதீர்கள், 25 கிலோ மாவின் நடுப்பகுதி பல மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். முதல் நாள் ஷிப்டிலேயே எடைபோடும் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவது எவ்வளவோ மேல்.

ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “அண்ணே, லேபிள்லயே டிரைஹைட்ரேட்னு போட்டிருக்கே, ஏற்கெனவே தண்ணி இருக்குதானே, இன்னும் கொஞ்சம் பட்டா என்ன?” நல்ல கேள்வி. எடையில் ஏறத்தாழ 13 விழுக்காடு தண்ணீர்தான், ஆனால் அது படிகத்துக்குள் இருக்கை போட்டு உட்கார்ந்த தண்ணீர், அங்கிருந்து அசையாது. வெளியிலிருந்து வந்து மாவின் மேல் படிகிற ஈரம்தான் வளையத்தை அவிழ்க்கிறது. கிளாவுலனேட் என்ற துணை மருந்து சேர்ந்த பவுடர் என்றால் இன்னும் மோசம், அது காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக் குடித்துவிடும், அதனால்தான் அதற்கென்று தனியாக உலர் அறை வைக்கிறார்கள். அந்த அறைக் கதவுக்குக் கட்டை வைத்துத் திறந்து போடுவதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

பை கட்டுவதிலும் ஒன்று. உள்ளே இரண்டு பாலித்தீன் பைகள் இருந்தால் இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே டை போடுகிறோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டணும், நடுவில் இருந்த சிலிக்கா ஜெல்லைத் தூக்கி எறியக் கூடாது. பையில் இருக்கும் காற்றை வெளியேற்ற மார்போடு அணைத்து அமுக்குவார்கள் பாருங்கள், அப்போது பை வாயிலிருந்து புஸ்ஸென்று ஒரு வெள்ளைப் புகை நேராக முகத்துக்கு வரும். பை வாயைத் தூசி உறிஞ்சும் குழாய்ப் பக்கம் திருப்பி, மெதுவாகக் கையால் தடவி இறக்கினாலே போதும்.

அந்தப் புகைதான் என் பெரிய கவலை. என்னோடு வேலை செய்த ஒருவர், மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை, எனக்கு இது ஒத்துக்கொள்ளும் என்று சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கோடு எடைபோட்டுக்கொண்டிருந்தார். முதலில் மணிக்கட்டில் தடிப்பு, கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு. அப்புறம் ராத்திரியில் இருமல், இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார், திங்கள் இரவு மறுபடி ஆரம்பிக்கும். தூசி என்று நினைத்து இருமல் மருந்து குடித்தே பல வாரம் ஓட்டிவிட்டார். இந்த அலர்ஜி முதல் நாளே வரணும் என்பதில்லை, உடம்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பழகிவிட்டு ஒரு நாள் திரும்பிக்கொள்ளும், அதற்குப் பிறகு துளித் தூசியே போதும். விடுமுறையில் குறைந்து வேலைக்கு வந்ததும் கூடுகிற இருமலை மறைக்காதீர்கள். தொழில்சார் ஆஸ்துமா இங்கே சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று, இழப்பீட்டுச் சட்டமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, வேலை போய்விடும் என்ற பயத்தில் நுரையீரலைத் தொலைத்துவிட வேண்டாம். பெனிசிலின் அலர்ஜி ஏற்கெனவே உள்ளவர்கள் இந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. மாஸ்க் என்றால் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துத் தந்ததைப் போடுங்கள். தாடி இருந்தால் என்95 ஒட்டாது, ஓரமாகக் காற்று நுழையும். அந்த மாதிரி நேரத்தில் மோட்டார் வைத்த தலைக்கவச மாஸ்க் கேளுங்கள்.

கீழே கொட்டிவிட்டால் விளக்குமாறு எடுப்பதும், சட்டையில் படிந்ததை ஏர் ஹோஸால் ஊதுவதும் கொட்டியதை அறை முழுக்கப் பரப்புகிற வேலை. ஈரத் துணியால் துடையுங்கள், அல்லது நுண்தூசியைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ள, அந்த அறைக்கென்றே வைத்திருக்கிற வாக்குவம். வீட்டு வாக்குவம் நுண்தூசியைப் பின்னால் துப்பிவிடும், அதன் மோட்டாரில் பொறி வேறு வரலாம். ஆம், இந்த மாவு காற்றில் மேகமாக எழுந்தால் தீப்பிடிக்கக்கூடியது, அதனால்தான் நிலைமின் பொறி வராமல் இருக்க டிரம்மில் மாட்டும் எர்த் கிளிப் இருக்கிறது. கிளிப் இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

கழுவிய தண்ணீரை வாசல் கால்வாயில் ஊற்றுவதும் கூடாது. இங்கே மழைநீர்க் கால்வாய்கள் பல நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன, நாம் குடிக்கிற தண்ணீர் அது. கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாட்டிக் கலந்த நீரில் பிழைத்துக்கொள்கிற கிருமிகள்தான் நாளைக்கு மருந்துக்கு அடங்காமல் போகும். 2017-ல் சிங்கப்பூர் இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்கவென்றே தேசியத் திட்டம் வெளியிட்டது. கழிவை அதற்கான டிரம்மில் போட்டு, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள்.

யூனிபார்மை டார்மிட்டரிக்குக் கொண்டுபோய்த் துவைக்காதீர்கள். ஒரே மெஷினில் துவைக்கிற பத்துப் பேரில் ஒருவருக்குப் பெனிசிலின் ஆகாது என்றால் நமக்குத் தெரியவா போகிறது? இதே காரணத்துக்காகத்தான் பெனிசிலினுக்கென்று தனிக் கட்டடம், தனி ஏர்கான் வேண்டும் என்கிறது மருந்துத் தயாரிப்பு விதி, ஸ்கூப்பைக்கூடப் பக்கத்து அறைக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

ஸ்டோரில் முதலில் வந்ததை முதலில் எடுப்பதைவிட, முதலில் தேதி முடிகிறதை முதலில் எடுங்கள். மாவு மஞ்சளாகவோ கட்டியாகவோ இருந்தால் முகர்ந்து பார்க்க வேண்டாம், சிவப்பு லேபிள் ஒட்டித் தள்ளி வைத்துவிட்டுச் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

யாருக்காவது முகம் வீங்கி, மூச்சுத் திணறினால் 995-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்ததும் முதலில் சொல்ல வேண்டியது ‘பெனிசிலின் பவுடர்’ என்ற இரண்டு சொற்களை. பதற்றத்தில் வராது, அதனால் பவுடரின் பெயரை டிரம் லேபிளில் உள்ளபடியே ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், ஒர்க் பெர்மிட் அட்டைக்குப் பின்னாலேயே.