பழைய மர ஸ்டெதாஸ்கோப்: வாங்குவதிலும் வைத்திருப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழல் வடிவில் பழைய மரக்கருவி ஒன்று கண்ணில் பட்டாலே, "இது லென்னெக் காலத்து ஸ்டெதாஸ்கோப்" என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய மருத்துவக் கருவிகளைச் சேர்ப்பவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான்.

பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில், ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த மருத்துவர் ரெனே லென்னெக் 1816இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அப்புறம் அவரே மரத்தில் கடைந்தெடுத்த கருவி, நடுவே துளையுள்ள நேரான, தடித்த உருளை. நீளம் ஏறத்தாழ 30 செ.மீ. இரண்டாகக் கழற்றலாம். மார்பில் வைக்கும் முனை புனல்போல் குடைந்திருக்கும். அதற்கென ஒரு தக்கையும் உண்டு. நுரையீரலில் மூச்சொலி கேட்கத் தக்கையை எடுத்துவிடுவார்கள். இதயத்துடிப்பையும், நோயாளி பேசும்போது மார்புக்குள் எழும் ஒலியையும் கேட்க அதைப் பொருத்துவார்கள். தனியாகக் கிடக்கும் தக்கையை ஏதோ உடைந்த துண்டு என்று வீசிவிடாதீர்கள். கருவி வேலை செய்த விதமே அதில்தான் இருக்கிறது.

மெல்லிய தண்டு, ஒரு பக்கம் மணிபோல் விரிந்த வாய், மறுபக்கம் காது வைக்க வட்டத் தகடு என்றிருந்தால், அது பியோரி போன்ற பிற்கால மருத்துவர்கள் உருளையை மெலிதாக்கிய பிறகு வந்த வகை. வாய் நன்றாக அகன்றிருந்தால் மார்புக்கே சம்பந்தமில்லாமலும் போகலாம். கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் பினார் குழல் அப்படித்தான் இருக்கும். அது இன்றும் தயாராகிறது, அதனால் பழமைக்கான விலை கொடுக்கும் முன் நிதானியுங்கள். இரு காதுக்கும் குழாய் இருந்தால் புதுசு என்று ஒதுக்குவதும் சரியில்லை; நியூயார்க்கில் மருத்துவர் ஜார்ஜ் கேமன் 1850களின் தொடக்கத்திலேயே அப்படி ஒன்றை வடிவமைத்துவிட்டார்.

இவற்றையெல்லாம்விட எனக்கு வருத்தம் தருவது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிப்பது. மருத்துவரின் கை பட்டுக் கறுத்த இடம், காதுத் தகட்டின் தேய்மானம், மங்கலாகச் செதுக்கிய பெயர் எல்லாம் அதில் போய்விடும், திரும்பக் கிடைக்காது. உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் பட்டால் மரம் உப்பி, பாகங்களை இணைக்கும் மரை இறுகும். இறுகிய மரையை முறுக்கித் திறக்கப் பார்த்தால் மரம் பிளந்துவிடும், அப்படியே விட்டுவிடுங்கள்.

காதுத் தகடு வெள்ளையாக இருந்தால் தந்தமா என்று முதலில் விசாரியுங்கள். இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் சட்டச் சிக்கல்தான்.