தனுஷ்கோடிச் சாலையில் ஓடுபவர்களும் சைக்கிள் மிதிப்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாலை முடிகிற அரிச்சல்முனை வரை போய்விட்டு முகுந்தராயர் சத்திரம் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மணி பத்தரை இருக்கும். எதிரே ஏழெட்டுப் பேர் புது சைக்கிளில் வந்தார்கள். அதில் ஒரு தம்பி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, "அண்ணே, முப்பத்திரண்டுல போகுது!" என்று கத்தினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018 ஆடியில் நானும் அதே சாலையில், அதே மாதிரிதான் பூரித்துப் போயிருந்தேன்.

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை ஏறக்குறைய 20 கி.மீ. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி 5, அங்கிருந்து முனை வரை இன்னொரு 4.5. இந்தக் கடைசி ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை வந்தது 2017-ல்தான். அதற்கு முன் மணலில் தத்தளித்துப் போகும் வேன்களில் தொற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது மேடு பள்ளம் இல்லாத நேர்சாலை, இரண்டு பக்கமும் கடல். ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் தேடி வருவதில் ஆச்சரியமே இல்லை. ஹெல்மெட் போடுங்கள், பஞ்சர் சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன.

பாம்பன் பாலத்தில் நின்று படம் எடுப்பது

நிற்காதீர்கள்.

போகும் வேகத்தை நம்புவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் இந்த ஒரு தவறைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக வருகிறது.

சாலை தென்கிழக்காக நீண்டு போகிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை இங்கே அடிப்பது கச்சான். தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிற காற்று. முனையை நோக்கிப் போகும்போது அது வலது தோளுக்குப் பின்னால் இருந்து தள்ளும். ஆளுக்குத் தெரியாது. காதில் இரைச்சல் குறைந்துவிடும், கால் லேசாகச் சுற்றும், கடிகாரத்தில் எண் ஏறும். "இன்னைக்கு உடம்பு நல்லா ஒத்துழைக்குது" என்று தோன்றும். ஒத்துழைத்தது உடம்பு இல்லை, காற்று.

கணக்கைப் பாருங்கள். 30 கி.மீ. வேகத்தில் போனால் 20 கிலோமீட்டருக்கு 40 நிமிடம். திரும்பும்போது வேகம் 12-க்கு இறங்கிவிட்டால் அதே தூரத்துக்கு 100 நிமிடம். முதல் முறை வருகிறவர் கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு, "போக நாற்பது, வர ஐம்பது" என்று மனக்கணக்கு போட்டு வந்திருப்பார். நீங்கள் 20-ல் மிதிக்கும்போது எதிரே 20-ல் காற்று வந்தால் உடம்பில் மோதுவது 40. மோதும் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். அதனால்தான் கியரை எவ்வளவு குறைத்தாலும் சைக்கிள் நகர மறுக்கிறது. கால் பழக்கம் இல்லாததால் வரும் சங்கடம் என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதிப்பவர்கள்தான் முதலில் தொடை பிடித்து உட்காருகிறார்கள்.

2018-ல் நான் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பியது மதியம் இரண்டு மணிக்கு. முனையை 38 நிமிடத்தில் தொட்டேன். மதுரையிலிருந்த நண்பர்களுக்கெல்லாம் அங்கிருந்தே படம் அனுப்பினேன். திரும்பியதும் காற்று இடது கன்னத்தில் அறைந்தது. தென்கடல் கரையிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்தது. இடது கண்ணைத் திறக்க முடியவில்லை, இடது காதுக்குள் மணல், பல்லிடுக்கில் மணல். சாலையின் மேலேயே மணல் பாம்பு பாம்பாக ஊர்ந்து வலப்புறம் போய்க்கொண்டிருந்தது. இடிந்த தேவாலயம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் கிட்டே வரவே இல்லை. பழைய தனுஷ்கோடிக்கு முன்பே தண்ணீர் தீர்ந்து, இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அங்கே ஓலைக் கொட்டகையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு நிழலில் உட்கார வைத்தார். "கச்சான் வெயிலேற ஏறத்தான் ஏறும் தம்பி. நாங்களே விடியுமுன்ன போயிட்டு வந்துருவோம். நீங்க உச்சிவெயில்ல வந்தீகளாக்கும்?" என்றார். அவர் சொன்னதுதான் விஷயம். பருவக்காற்று ஒரு பக்கம் இருக்க, தரை சூடேறியதும் கடல்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். விடியற்காலையில் தணிந்திருப்பது பத்து மணிக்கு மேல் முறுக்கிக்கொண்டு வரும். நீங்கள் திரும்புகிற நேரம்தான் அதன் உச்சம்.

இதைவிட மோசமானது பக்கக்காற்று. போகும்போது கச்சான் வலப்பக்கத்திலிருந்து தள்ளுவதால், உங்களை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்துதான் மிதிப்பீர்கள். அப்போது ஒரு சுற்றுலா வேன் வலது பக்கமாக முந்துகிறது என்று வையுங்கள். வேன் காற்றை மறைத்த அந்த ஒரு நொடியில், சாய்ந்திருந்த உடம்புக்கு எதிர்ப்பு இல்லாமல் போய் சைக்கிள் வேனை நோக்கியே விழப் பார்க்கும். வேன் தாண்டியதும் காற்று திரும்ப வந்து இடப்பக்கம் எறியும். 2019-ல் என்னோடு வந்த நண்பர் இப்படித்தான் சாலையோரக் கருங்கல் சரிவில் போய் விழுந்தார். காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு இருந்தார். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதும் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்து, முழங்கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். பக்கக்காற்று பிடித்துத் தள்ளுகிற, விளிம்புப் பட்டை அகலமான பந்தயச் சக்கரத்தை இந்த மாதங்களில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஓடுகிறவர்களுக்கு வேறு விதமான ஆபத்து. காற்று முதுகில் இருக்கும்போது நீங்களும் காற்றும் ஒரே திசையில் போவதால் வியர்வை காயாது, உடம்பு கொதிக்கும். திரும்பும்போது வியர்வை வந்த நொடியே காய்ந்து முகத்தில் உப்பாக நிற்கும். தாகம் தெரியாமலே நீர் வற்றிப்போகும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் தாங்கிக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வெளிச்சம் வந்து, சோதனைச் சாவடியில் விட்டவுடன் கிளம்பிவிடுவேன். முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் நின்று, சைக்கிளைத் திருப்பி, ஊரை நோக்கி அரைக் கிலோமீட்டர் மிதித்துப் பார்ப்பேன். அந்த வேகம்தான் அன்றைக்கு என் உண்மையான வேகம். அதை வைத்துத் தண்ணீருக்கும் நேரத்துக்கும் கணக்குப் போட்டு, எங்கே திரும்புவது என்று அங்கேயே முடிவு செய்வேன். குழுவாகப் போனால் கச்சான் மாதங்களில் சைக்கிளை வண்டியில் ஏற்றி முனையில் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஊரை நோக்கி ஒரு வழியாக மட்டும் மிதிப்போம். காற்றோடு மல்லுக்கட்டுவது ஒரே தடவை, அதுவும் புதுக் கால்களோடு. ஐப்பசிக்குப் பிறகு வாடை வந்துவிட்டால் நிலைமை மாறும். வடகிழக்குக் காற்று என்பதால் போகும்போது இடத் தோளில் கொஞ்சம் எதிர்க்கும், வரும்போது கொஞ்சம் தள்ளும். பழகாதவர்கள் அந்த மாதங்களில் மழையும் புயல் எச்சரிக்கையும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இன்னொன்று. இங்கே காற்றைப் படிப்பதற்குச் செயலியை நம்பி இருக்க வேண்டியதில்லை. மீனவர்களின் படகுகளான வல்லங்கள் எந்தக் கரையில் ஏறிக் கிடக்கின்றன என்று பாருங்கள். மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். கச்சானில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடையில் அப்படியே தலைகீழ். தொழிலும் அதற்கேற்றபடி தென்கடலுக்கும் வடகடலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குத் தருகிற எச்சரிக்கையையும் முந்தின இரவே படித்துவிடுங்கள். மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகக் காற்று, கடலுக்குப் போக வேண்டாம் என்று அதில் இருந்தால், அது கடலுக்கும் கடலுக்கும் நடுவே போகிற சாலைக்கும் பொருந்தும். பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவர்களே வல்லத்தை இறக்காத நாளில் நமக்கு அங்கே என்ன வேலை?

தடைக்காலத்தில் கரை காலியாக இருக்கும் என்று நினைப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகு போகும், கரைவலை இழுப்பார்கள். மணலில் ஓட இறங்குகிறவர்கள் கரைவலைக் கயிற்றைக் கவனிப்பதே இல்லை. வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் இரண்டு அணியாக நின்று இழுத்துக்கொண்டே ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கி வருவார்கள். மணலோடு மணலாகக் கிடக்கும் கயிறு, அலை பின்வாங்கும்போது சட்டென்று விறைத்து முழங்கால் உயரத்துக்கு எழும்பும். ஓடுகிற வேகத்தில் தாண்டலாம் என்று கால் வைத்தால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். இழுப்பவர்களின் பிடியும் அதில் நழுவும். மீன் சேர்ந்திருக்கும் வலைப்பையான மடி கரைக்கு வருகிற நேரத்தில் பிடி நழுவினால் பல மணி நேர உழைப்பு வீண். ஓட்டத்தை நிறுத்துங்கள், இழுப்பவர்களுக்குப் பின்னால் மேட்டுப் பக்கமாக நடந்து சுற்றிப் போங்கள். காய வைத்திருக்கும் வலைமேல் சைக்கிளை உருட்டுவதும் இதே ரகம். ஒரு கண்ணி அறுந்தால் அதைப் பொத்தவும் ஒருவர் உட்கார வேண்டும். காயப்போட்ட கருவாடு, பாசி எல்லாவற்றுக்கும் அதேதான்.

மணல்மேட்டில் வெறுங்காலோடு ஓடுவது

அடப்பங்கொடி படர்ந்திருக்கும் மணல் பரவாயில்லை. ராவணன் மீசைப் புல் இருக்கும் பக்கம் போகாதீர்கள். அதன் இலை நுனி ஊசி. கெண்டைக்காலில் ஏறி உள்ளேயே முறிந்துகொள்ளும். சைக்கிளுக்கு அந்த வேலையைச் செய்வது சத்திரத்துக்கு முந்தைய சாலையோரத்துச் சீமைக்கருவேல முள்.

முனையில் குளிப்பது

கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே மோதுகிறது. நீச்சல் தெரியும் என்பது அங்கே செல்லாது.

பூநாரைகளை விரட்டிப் படம் எடுப்பது

குளிர்மாதங்களில் வடகடல் பக்கத்து ஆழமில்லாத நீரில் கூட்டமாக நிற்கும். 2025-ல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயமே அறிவித்துவிட்டார்கள். சாலையிலிருந்தே பாருங்கள்.

செயினுக்கு எண்ணெய் கொட்டுவது

உப்புக்குப் பயந்து கிளம்பும் முன்பே எண்ணெயில் குளிப்பாட்டுவார்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரம் போலப் பல்லைத் தேய்க்கும். போவதற்கு முன் செயினை நன்றாகத் துடையுங்கள். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போனபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டால் போதும்.

ஊத்தில் கால் கழுவுவது

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ரயில் நிலையமும் ஊரும் போனபின், இங்கே வாழத் தகாது என்று அரசு சொல்லிவிட்டது. அப்படியும் மீனவக் குடும்பங்கள் இங்கேதான் இருக்கின்றன. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதற்கு ஊத்து என்று பெயர். உப்புநீரின் மேல் மழைநீர் மெல்லிய ஏடாக மிதந்து நிற்பதால் கிடைக்கிற தண்ணீர் அது. பார்ப்பதற்குச் சின்னக் குழி. மணலில் யாரோ விளையாட்டுக்குத் தோண்டியதுபோல இருக்கும். ஓடி முடித்தவர்கள் அதில் செருப்பைக் கழுவுவதை, முகத்தை அலம்புவதை, சைக்கிள் சக்கரத்தில் ஊற்றுவதை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

2018-ல் அதைச் செய்தவன் நான். பெரியவரின் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழியைப் பார்த்ததும் மண்டியிட்டு, மணல் அப்பிய முகத்தையும் கையையும் அதிலேயே விட்டுக் கழுவினேன். கண் எரிச்சல் நின்று நிமிர்ந்தபோது ஒரு அம்மா குடத்தோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து, சிரட்டையால் அந்தக் குழித் தண்ணீர் முழுவதையும் மொண்டு மொண்டு மணலில் ஊற்றினார். குழி காலியானது. அடியில் ஈரமணல் மட்டும் தெரிந்தது. பிறகு குடத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, தண்ணீர் மறுபடி ஊறட்டும் என்று காத்திருந்தார். நான் கிளம்பும்போது ஒரு சிரட்டைகூட ஊறியிருக்கவில்லை.