கீபோர்டோடு மேடை ஏறும் முன்: டிரான்ஸ்போஸ் பட்டனும் மற்ற தவறுகளும்

கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று மெல்லிசை மேடைகளுக்குப் புதிதாக வாசிக்க வருகிறவர்களிடம், முன்பு நாங்கள் செய்த அதே தவறுகளை இப்போதும் பார்க்கிறேன். கேபிள் மறப்பதும் ஸ்டாண்டு ஆடுவதும் ஒரு தடவை பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கை நன்றாக ஓடுகிறவரையும் மேடையில் கவிழ்ப்பவை வேறு.

கடையில் போய் 88 கீ கேட்பது

பியானோ போல அழுத்தம் தரும் 88 கீ மாடலில் ரோலண்ட் ஆர்டி-2000 ஏறக்குறைய 22 கிலோ. யமஹா மோடிஎக்ஸ்-6 ஏழு கிலோவுக்குள் அடங்கும். ஆட்டோவில் ஏற்றி, மண்டபத்து மாடிப்படியில் தூக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். மெல்லிசையில் வருவதில் பெரும்பகுதி ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், பிராஸ் பிட்டுகள்தான். அந்த வேகத்துக்கு லேசான கீயே தோது. தனி ஆளாக இடது கையில் கார்டும் (ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தும் ஸ்வரங்கள்) வலது கையில் லீடும் (முன்னால் கேட்கும் மெட்டு) பிரித்து வாசிப்பவருக்கு 76 கீ வசதி. மற்றவருக்கு 61 போதும்.

கடையில் டெமோ பாட்டைக் கேட்டு ஏமாறாமல் இரண்டு சோதனை செய்யுங்கள். ஸ்ட்ரிங்ஸ் கார்டை அழுத்திப் பிடித்தபடியே அடுத்த டோனுக்கு, அதாவது வேறு வாத்தியச் சத்தத்துக்கு, மாற்றிப் பாருங்கள். பிடித்த சத்தம் சட்டென்று அறுந்தால், பாட்டின் நடுவில் ஒவ்வொரு மாற்றத்திலும் அப்படித்தான் அறும். அடுத்து, பியானோவோடு ஸ்ட்ரிங்ஸ் சேர்த்து, பெடல் மிதித்து இரண்டு கையாலும் வாசியுங்கள். இரண்டும் இடது, வலது எனத் தனித்தனியாக ஒலிக்கும் ஸ்டீரியோ டோன் என்றால் ஒரு கீக்கே நாலு வாய்ஸ் செலவாகும். 64 பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் 64 வாய்ஸ் வரை மட்டும், உள்ள கருவியில் 16 ஸ்வரத்தோடு கணக்கு முடிந்தது. அதற்குமேல் பழைய ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

டிரான்ஸ்போஸை வைத்துவிட்டு மறப்பது

இதை மட்டும் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டிரான்ஸ்போஸ் என்பது, விரல் அதே கீயில் இருக்க, கேட்கும் ஸ்கேலை மட்டும் ஏற்றி இறக்கும் பட்டன். ஒவ்வொரு எண்ணும் ஒரு செமிடோன், அதாவது கறுப்பையும் சேர்த்து எண்ணினால் ஒரு கீ. போன பாட்டில் பாடகிக்காகக் கீபோர்டுக்காரர் +3 வைத்திருப்பார். கைதட்டல் அடங்கும் முன்பே அடுத்த பாட்டு அறிவிப்பு வந்துவிடும். டிரம்ஸ்காரர் குச்சியை நாலு தட்டுத் தட்டுவார். முதல் ஸ்ட்ரிங்ஸ் கார்டு விழும்போது பேஸ் கிடார் ஒரு ஸ்கேலில், கீபோர்டு மூன்று செமிடோன் மேலே. பாடகர் எதைப் பிடிப்பார்? பல்லவியில் குரல் தடுமாறும், எல்லோரும் நிறுத்துவார்கள், மறுபடி தொடங்குவார்கள். திரும்பிப் பார்த்தால் கீபோர்டின் திரை மூலையில் சின்ன எழுத்தில் +3 என்று நிற்கும். அவர் விரல் என்னவோ சரியான கீயில்தான் இருக்கும்.

எல்லாப் பாட்டையும் சி மேஜர், ஏ மைனரில் பழகிவிட்டு, மிச்சத்தைப் பட்டன் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதிலிருந்துதான் இது ஆரம்பிக்கிறது.

பாடுகிறவர் தன் சுருதியைக் கட்டையில் சொல்வார். பட்டனோ செமிடோனில் எண்ணும். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த கணக்கு இது. 1 சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவிலுள்ள கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று போகும். மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் கறுப்பு இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. 2 கட்டைப் பாட்டுக்கு "ஒரு கட்டை ஏத்துங்க" என்றால் +2. அதே வார்த்தையை 3 கட்டைப் பாட்டுக்குச் சொன்னால் +1. பழக்கதோஷத்தில் +2 அழுத்தினால் நாலரைக் கட்டையில் போய் நிற்கும், சரணத்து உச்சியில் பாடகிக்குக் குரல் எட்டாது. அதனால் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கேட்காதீர்கள். "எந்தக் கட்டையில பாடுறீங்க?" என்று கேளுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களையும் இந்தப் பட்டன் குழப்பும். பேஸ்காரர் ஸ்கேல் என்ன என்று கேட்கும்போது, விரல் சி மைனரில் இருப்பதால் சி மைனர் என்று சொல்லிவிடுகிறார்கள். வெளியே கேட்பதோ டி மைனர். புல்லாங்குழல்காரர் நீங்கள் சொன்னதை நம்பித்தான் பையிலிருந்து குழலை எடுக்கிறார். எப்போதும் காதில் கேட்கும் ஸ்கேலைச் சொல்லுங்கள்.

சாம்பிளை, அதாவது கருவியில் பதிவு செய்து ஏற்றிய சத்தத்தை, மறந்துவிடாதீர்கள். அப்படி ஏற்றிய லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) சில கருவிகளில் டிரான்ஸ்போஸோடு நகரும், சிலவற்றில் நகராது. கீயில் அடுக்கி வைத்த தாளச் சத்தம் இரண்டு கீ தள்ளிப் போய், தவில் இருந்த இடத்தில் ஜால்ரா விழுவதும் உண்டு. வீட்டிலேயே +2 வைத்து ஒவ்வொரு கீயையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். தூரமும் முக்கியம். சி-யிலிருந்து ஜி-க்குப் போக +7, -5 இரண்டு வழியும் உண்டு; +7 வைத்தால் எழுதின ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் மெலிந்து கீச்சென்று கேட்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் தனி ரெஜிஸ்ட்ரேஷன் (எல்லா அமைப்பையும் ஒரே பட்டனில் சேமித்து அழைப்பது) போட்டு, டிரான்ஸ்போஸும் அதில் பதிவாகிறதா என்று சோதியுங்கள். சில மாடல்களில் அதற்குத் தனியாக டிக் போட வேண்டும். பேரிலேயே ஸ்கேலைச் சேர்த்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத கருவி என்றால் பாட்டு, கேட்கும் ஸ்கேல், பட்டன் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிப் பேனலில் ஒட்டுங்கள். பாட்டு முடிந்து கையும் பெடல் காலும் எடுத்த பிறகே எண்ணை மாற்றுங்கள். பிடித்துக்கொண்டே மாற்றினால் சில கருவிகளில் ஸ்வரம் நிற்காமல் ஊளையிடும். யமஹா பிஎஸ்ஆர் வகையில் + - இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுழியத்துக்கு வரும். நீங்கள் தலையசைக்கும் வரை கவுண்ட் கொடுக்க வேண்டாம் என்று டிரம்ஸ்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஹெட்போனில் செய்த டோனை அப்படியே கொண்டுவருவது

வீட்டில் இனித்த ரிவெர்ப் (செயற்கை எதிரொலி), மண்டபத்தின் எதிரொலியோடு சேர்ந்தால் கூழாகிவிடும். பாதியாவது குறையுங்கள். ஸ்ட்ரிங்ஸ், பேட் டோன்களில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அந்த இடம் பேஸ் கிடாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. மண்டபத்து ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மோனோ, எல்லாவற்றிலும் ஒரே ஒலிதான். ஸ்டீரியோ பியானோவின் இடதும் வலதும் அங்கே ஒன்றாகக் கலக்கும்போது ஒன்றையொன்று தின்று, உள்ளே எதுவும் இல்லாதது போல ஒலிக்கும். இடது, மோனோ என்று எழுதிய ஜாக்கில் மட்டும் செருகி, மோனோ பியானோ டோனைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லா டோனையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவதும் வீட்டு வேலைதான். சவுண்ட் செக்கில் முதலில் பிராஸ், லீடு போன்ற உரத்த டோனைக் கொடுங்கள். மெல்லிய ஸ்ட்ரிங்ஸைக் கேட்டு மிக்சரில் இருப்பவர் சத்தத்தை ஏற்றி வைத்தால், பிராஸ் வந்ததும் முன்வரிசை காதைப் பொத்தும்.

கீபோர்டிலிருந்து டிஐ பாக்ஸ் (சிக்னலை மைக் கேபிளில் அனுப்பத் தோதாக மாற்றும் சின்னப் பெட்டி) வரை ஐந்தாறு மீட்டருக்குள் ஜாக் கேபிள். அங்கிருந்து மிக்சருக்கு மைக் கேபிள். நீளமான ஜாக் கேபிளை நேரே இழுத்தால் லைட் டிம்மர் இரைச்சல் முழுக்க ஏறிவிடும்.

பிட்ச் வீல்

ஸ்வரத்தை வளைக்கும் இந்தச் சக்கரத்தின் ரேஞ்ச் 2 செமிடோனிலேயே இருக்கட்டும். 12 வைத்தால் கமகம் வராது, சுருதிதான் விலகும்.

எர்த் பின்னை எடுத்துவிடுவது

ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரைந்ததும் மூன்று பின் பிளக்கில் எர்த்தை நீக்குகிறார்கள். உயிர் போகும் வேலை இது. மைக்கைத் தொட்ட பாடகருக்கும் ஷாக் அடிக்கலாம். டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் ஆடியோ கேபிளின் தொடர்பை மட்டும் துண்டிக்கும். அதைத் தட்டுங்கள். கீபோர்டுக்கும் மிக்சருக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுத்தாலே பாதி இரைச்சல் போய்விடும்.

அமெரிக்காவிலிருந்து வந்த கீபோர்டு 120 வோல்ட், ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட் என்றிருக்கலாம். நம் 230-ல் செருகும் முன் பின்பக்க லேபிளைப் படியுங்கள். படிக்காமல் செருகினால் சப்ளை போர்டு கருகும். அடாப்டர் மாற்றினால் வோல்ட், ஆம்பியர், முனையின் பிளஸ் மைனஸ் மூன்றும் பொருந்த வேண்டும். கரண்டு ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் கீபோர்டு அணைந்து, திரும்ப எழ ஒரு நிமிடம்கூட எடுக்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் போதும்.

சேவ் செய்யாதது

ரைட் (Write) பட்டன் அழுத்திச் சேமிக்காத டோன், கரண்டு போனால் போனதுதான்.

பெடல்

பெடலை மிதித்தபடி கீபோர்டின் ஸ்விட்சைப் போட்டால் பெடல் பல கருவிகளில் தலைகீழாக வேலை செய்யும். காலை எடுத்துவிட்டு, அணைத்து, மறுபடி போடுங்கள்.