பழைய ராணுவத் துப்பாக்கிகளில் கிளிப் மூலம் தோட்டா நிரப்புவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் பாத்திரங்களுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் இடையே, விரல் நீளத்தில் ஓரம் மடிக்கப்பட்ட ஓர் இரும்புத் தகடு கிடைத்தால், அது ராணுவத் துப்பாக்கிக்கான சார்ஜர் கிளிப்பாக இருக்கக்கூடும். அதைச் சேகரிப்போருக்காகவும், என்.சி.சி.யில் ‘த்ரீ நாட் த்ரீ’ எனப்படும் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைப் பிடித்துப் பழகியவர்களுக்காகவும், வெளிநாட்டில் உரிமத்துடன் இத்தகைய துப்பாக்கி வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நம் நாட்டில் .303 தடை செய்யப்பட்ட ரகம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டுப் பெட்டகத்தில் பழைய தோட்டா அகப்பட்டால், அதைத் தேய்த்துப் பார்க்காமல் காவல் நிலையத்துக்குத் தகவல் தெரிவிப்பதே முறை.

கிளிப் வேறு, மேகசின் வேறு. மேகசின் என்பது தோட்டாக்களை வில்லின் உந்துதலோடு துப்பாக்கிக்கு ஊட்டும் பெட்டி. கிளிப் என்பது அந்தப் பெட்டியை விரைவாக நிரப்ப உதவும் பிடிப்பான். கிளிப்பிலும் இரு வகை உண்டு. லீ-என்ஃபீல்டு, மவுசர், மோசின்-நாகாந்த் ஆகிய துப்பாக்கிகளில் தோட்டாக்கள் மட்டுமே உள்ளே இறங்கும், தகடு வெளியே நின்றுவிடும். இந்த வகைத் தகடுதான் சார்ஜர். எம்1 கேரண்டிலும் 1895ஆம் ஆண்டு மான்லிக்கரிலும் கிளிப்பே தோட்டாக்களோடு உள்ளே போய்விடும்.

முதல் வேலை, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்வது. குழல்முனையை ஆளில்லாத திசையில் வைத்து, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பாகத்தை) முழுவதும் பின்னுக்கு இழுத்து, சேம்பரையும் (குழலில் தோட்டா அமரும் அறையையும்) மேகசினையும் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் விரலாலும் தடவிப் பாருங்கள். பழகுவதற்கு வெடிமருந்தில்லாத ட்ரில் தோட்டாக்களை மட்டுமே பயன்படுத்துங்கள். பழகும் அறையில் உயிர்த்தோட்டா ஒன்றுகூட இருக்கலாகாது.

அடுத்து சார்ஜரை நிரப்ப வேண்டும். மர அஞ்சறைப் பெட்டியின் மூடி காடியில் நகர்வதுபோல, தோட்டாவின் அடிவிளிம்பு தகட்டின் மடிப்புக்குள் நகர்ந்து செல்லும். .303 சார்ஜரில் ஐந்து தோட்டாக்களையும் ஒரே மட்டத்தில் அடுக்கக் கூடாது. முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது ஆகியவற்றின் விளிம்புகள் கீழேயும், இரண்டாவது, நான்காவது ஆகியவற்றின் விளிம்புகள் மேலேயும் அமைய வேண்டும். இப்படி அடுக்கிய சார்ஜரை எந்த முனை மேலாகவும் பொருத்தலாம் என்பது சண்டைக்களத்து அவசரத்தை நன்கறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. கிளிப் இல்லாமல் ஒவ்வொன்றாகக் கையால் நிரப்பும்போது விதி வேறு: மேலே வரும் தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் அமைந்துவிட்டால், போல்ட் முன்னே தள்ளும்போது விளிம்போடு விளிம்பு மாட்டிக்கொண்டு நின்றுவிடும். தொடக்கத்தில் பெரும்பாலும் சிக்கல் வருவது இங்கேதான். மவுசரின் 7.92 மி.மீ. தோட்டாவுக்குப் புடைத்த விளிம்பு இல்லாததால், அதற்கு இந்தக் கவலை இல்லை.

இனி நிரப்புதல். லீ-என்ஃபீல்டின் 1907ஆம் ஆண்டு ரகமான மார்க் 3 துப்பாக்கியில் மேகசினை மூடும் கட்-ஆஃப் தகடு இருந்தால், முதலில் அதை வெளியே இழுத்துவிட வேண்டும். போல்ட் பின்னால் இருக்கும் நிலையில், சார்ஜரை அதற்குரிய காடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். கட்டைவிரலை மேல் தோட்டாவின் மீது, குண்டின் நுனிப்பக்கம் அல்லாமல் சார்ஜருக்கு நெருக்கமாக வைத்து, மற்ற விரல்களால் துப்பாக்கியின் அடியைத் தாங்கியபடி, ஒரே சீரான அழுத்தத்தில் ஐந்தையும் உள்ளே இறக்குங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் தோட்டாக்கள் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். இத்துப்பாக்கியின் மேகசின் பத்துத் தோட்டாக்கள் கொள்வதால் இரண்டு சார்ஜர்கள் தேவைப்படும். காலித் தகட்டைப் போல்ட்டே தட்டிவிடும் என்றாலும், கையால் எடுத்துவிடுவதே பழைய தகட்டுக்கு நல்லது என்பது என் கருத்து. மோசின்-நாகாந்தில் கையால்தான் எடுக்க வேண்டும்.

கேரண்டில் எட்டுத் தோட்டாக்கள் கொண்ட கிளிப்பை முழுதாக உள்ளே அழுத்தியதும் போல்ட் முன்னே பாயக்கூடும். ஆகவே வலது உள்ளங்கையின் விளிம்பால் போல்ட்டை இயக்கும் கைப்பிடியைத் தடுத்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தி, விரலை வெளியே எடுத்த பிறகே கைப்பிடியை விட வேண்டும். எட்டாவது தோட்டா தீர்ந்ததும் காலிக் கிளிப் ‘டிங்’ என்ற ஓசையோடு மேலே தெறிக்கும். மான்லிக்கரில் அது அடியிலுள்ள திறப்பின் வழியே கீழே விழும்.

பயிற்சி முடிந்ததும் போல்ட்டை இயக்கித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியேற்றி, உள்ளே போட்ட எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சார்ஜரைப் பித்தளைச் செம்புபோலப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். இரும்புத் தகட்டை அது துருப்பிடிக்கச் செய்யும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெலிதாக எண்ணெய் பூசி வையுங்கள்.