வன்னியில சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடுகளில நாங்கள் விடுற பிழையள்

எங்கட ஆக்கள் பிள்ளையளில பாசம் குறைஞ்ச ஆக்கள் இல்லை. ஆனா ஒரு பிழை முக்கால்வாசி வீட்டில நடக்குது, "கிணத்தடிக்குப் போகாத எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்" எண்ட நம்பிக்கை. மூண்டு வயசுப் பிள்ளை நீங்கள் சொன்னதை அப்பிடியே திருப்பிச் சொல்லும், ஆனா பந்து கிணத்தடிக்கு உருண்டா அந்த நேரம் ஒண்டும் ஞாபகத்தில நிக்காது, அந்த வயசு அப்பிடித்தான். பிள்ளையைப் பேசித் திருத்திறதுக்கு முதல் வளவைத் திருத்துங்கோ.

கிணத்தில இருந்தே தொடங்குவம். 2009 இல சண்டை முடிஞ்சு, திரும்பி வந்து வெட்டின, இறைச்சுத் துப்பரவாக்கின கிணறுகள் கனக்க இன்னும் சுத்துக்கட்டு இல்லாமக் கிடக்கு, காசு வந்தாப் பிறகு கட்டுவம் எண்டு வருசக்கணக்காப் போகுது. அதுவரைக்கும் சுத்திவர கம்பும் தகரமும் வைச்சு ஒரு வேலி அடைச்சு படலை போடுங்கோ. ஆனா மேல கிடுகையோ உக்கின தகரத்தையோ போட்டு மூடிவிடாதேங்கோ, பிள்ளை அதை நிலமெண்டு நினைச்சு மேல ஏறும், அது திறந்த கிணத்தை விட மோசம். கட்டுக் கட்டின கிணத்திலயும் ஒரு விசயம் பாருங்கோ, உடுப்புத் தோய்க்கிற கல்லு, கவிட்டு வைச்ச வாளி, மிஞ்சின புளொக் கல்லு எல்லாம் கட்டோட ஒட்டிக் கிடக்கும். பெரிய ஆளின்ர இடுப்பு வரைக்கும் இருக்கிற கட்டு, அந்தக் கல்லில ஏறி நிக்கிற பிள்ளைக்கு முழங்கால் அளவுதான். உடன தள்ளி வையுங்கோ, ஒரு சதம் செலவில்லை.

தண்ணியில தாழுற பிள்ளை கத்தும், கையடிக்கும் எண்டு நினைக்காதேங்கோ. தலை தண்ணிக்குள்ள போனா சத்தமே வராது, ஒரு சில நிமிசத்தில எல்லாம் முடிஞ்சிடும், தவழுற பிள்ளைக்கு அரை வாளித் தண்ணியே காணும். மாரி தொடங்கினா கிரவல் அள்ளின கிடங்கெல்லாம் நிரம்பும், மேல பாத்தா முழங்கால் தண்ணி மாதிரிக் கிடக்கும், ரெண்டு அடி தள்ளி ஆள் ஆழம். குளம் வான் பாயுதெண்டா குடும்பமாப் பாக்கப் போறம், இரணைமடு வான்கதவு திறக்கேக்க கனகராயன் ஆத்தில வாற இழுவை பெரிய ஆளையே கொண்டுபோகும், பிள்ளையின்ர கையை விடாதேங்கோ. எட்டு வயசு அக்காவிட்ட "தம்பியைப் பாத்துக்கொள்" எண்டு விட்டிட்டு வயலுக்குப் போறதும் பிழைதான், அதுவும் ஒரு பிள்ளை.

அடுத்தது போத்தல். மண்ணெண்ணெயை சோடாப் போத்தலில ஊத்தி பம்படியில வைக்கிறது, வயலுக்கு அடிச்சு மிஞ்சின மருந்தை தண்ணிப் போத்தலில விட்டு கொட்டில் வளையில சொருகிறது, இதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. வெயிலுக்க விளையாடிப்போட்டு வாற பிள்ளைக்கு சோடாப் போத்தலில கிடக்கிறது சோடாதான். மருந்து வந்த போத்தலிலயே லேபிளோட இருக்கட்டும், பெட்டியில பூட்டி வையுங்கோ. மண்ணெண்ணெய் குடிச்சிட்டா உப்புத்தண்ணி பருக்கி, தொண்டையில விரல் விட்டுச் சத்தி எடுக்க வைக்காதேங்கோ, சத்தி வரேக்க எண்ணெய் சுவாசப்பைக்குள்ள போய்த்தான் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து வாறது. போத்தலையும் தூக்கிக்கொண்டு நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. அம்மம்மான்ர சீனி வருத்தக் குளிசையும் இப்பிடித்தான், சில வகையில ஒரேயொரு குளிசையே சின்னப் பிள்ளைக்குச் சீனியை அடியோட இறக்கிப்போடும், தலகாணிக்குக் கீழ வைக்க விடாதேங்கோ.

குசினியில கஞ்சி வடிக்கிற பானை, கொதிதண்ணிக் கேத்தில் ரெண்டும் நிலத்தில இருக்கக்கூடாது. சுட்டா பற்பசை, முட்டை வெள்ளை, மை ஒண்டும் பூசாதேங்கோ, ஓடுற சாதாரணத் தண்ணியில 20 நிமிசம் பிடியுங்கோ, பிறகு சுத்தமான துணியால மூடிக்கொண்டு போங்கோ.

பாம்பைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைக்கிறம், ஆனா கட்டுவிரியன் கடிச்சா பெரிசா நோகாது, வீக்கமும் இராது, நித்திரையில பிள்ளை எழும்பக்கூட மாட்டுது. விடியப்புறம் வயித்துக்குத்து எண்டு சொல்லும், கண்ணிமை சோர்ந்து விழும், நாங்கள் சமிபாடில்லை எண்டு ஓமத்தண்ணி குடுப்பம். நிலத்தில படுத்த பிள்ளைக்கு இப்பிடி வந்தா யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. இறுக்கிக் கட்டுறது, கீறுறது, விசக்கல்லு வைக்கிறது எல்லாம் நேரத்தைத்தான் தின்னும், விசமுறிவு ஊசி ஆஸ்பத்திரியிலதான் கிடக்கு. நுளம்பு வலையை பாய்க்குக் கீழ நல்லாச் சொருகிப் படுக்க வையுங்கோ.

எங்கட மண்ணுக்கெண்டு இன்னொண்டும் இருக்கு. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் எண்ட கண்ணிவெடி அகற்றுற நிறுவனங்கள் வருசக்கணக்கா மிதிவெடி எடுத்தும், காடு வெட்டேக்க, குப்பை எரிக்கேக்க வெடிபொருள் இன்னும் வருது. பழைய இரும்புக்குக் காசு குடுக்கிறாங்கள் எண்டு பிள்ளையள் பொறுக்கிக்கொண்டு வந்தா பேசாம விடாதேங்கோ. என்னெண்டு தெரியாத இரும்பைத் தொடாம, அடையாளம் மட்டும் வைச்சிட்டு வந்து பொலிசுக்கோ ஜீ.எஸ்.க்கோ (கிராம சேவகருக்கோ) சொல்லச் சொல்லுங்கோ.

சைக்கிள் கரியரில பிள்ளையை ஏத்தினா கம்பிக்குள்ள கால் போகாம பின்சில்லுக்கு ஒரு வலை அடியுங்கோ. மோட்டசைக்கிளில பெற்றோல் ராங்கில இருத்திக்கொண்டு ஏ9 ரோட்டில போறது வேண்டாம், ஹெல்மெட் பிள்ளைக்கும் வேணும்.

வீடு பாக்க வாற மருத்துவமாதுவை நிறைகுறைஞ்ச பிள்ளைக்கு மட்டும் எண்டு நினைக்காதேங்கோ, வளவைச் சுத்திக் காட்டி எது ஆபத்தெண்டு கேளுங்கோ. அவசரத்துக்கு 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசில்லை, 2018 இல இருந்து வடக்கிலயும் ஓடுது. எங்கட உள்ளொழுங்கையளுக்குப் பேர்ப்பலகை இல்லை, அதால கிட்ட இருக்கிற பள்ளிக்கூடம், கோயில், எந்தச் சந்தியால திரும்பவேணும் எண்டு ஒரு மட்டையில எழுதி, நம்பரோட சேத்து கதவுக்குப் பின்னால ஒட்டி வையுங்கோ, வீட்டில தனிய நிக்கிற அம்மம்மாவுக்கும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில.